கைக்குக் கை மாறிய வாய்க்கட்டு

நாளை ரயிலில் நான் மெட்ராசுக்குப் போகிறேன். மருத்துவச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. போகிறவள் சும்மா போகக்கூடாது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நம் சங்கத்தார் பிடிவாதம் பிடித்தார்கள். இதெல்லாம் தலை நரைத்து, பென்ஷன் வாங்கிய பிறகு எழுதவேண்டிய சமாசாரம். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் இன்புளுவென்சா ஜுர மாதங்களை இந்த ஆஸ்பத்திரியில் கழித்தவர்களுக்கு வயது கொஞ்சம் வேகமாகத்தான் ஏறியது. அதனால் எழுதுகிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

புண்ணுக்குக் கட்டுப் போடுவது எப்படி, படுக்கை விரிப்பது எப்படி என்பதையெல்லாம் தலைமை நர்சு சிஸ்டர் சொல்லித்தருவார். நான் சொல்லப்போவது ஒரு சாயங்காலத்தையும் அதற்கு மறுநாள் காலையையும் பற்றி மட்டும். அதற்கு முன்னால் கேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் இன்று கையை வீசிக்கொண்டு வெளியே போகிறீர்களே, அதே கேட்டில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. டூட்டி முடிந்து போகும் ஆயாக்கள், வார்டு ஆட்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் எல்லோரும் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். போர்க்காலம். துணி கிடைப்பதே பாடு. பஞ்சோ பாண்டேஜோ காணாமல் போனால் அது கீழ்வேலை செய்கிறவர்கள் மடியில்தான் இருக்கும் என்பது ஸ்டோர் சாரின் தீர்மானம். சாமான்களுக்கெல்லாம் பொறுப்பு அவர். நர்சுகளை யாரும் சோதிக்கவில்லை. நர்சு வேலை பழகிக்கொண்டிருந்த என்னையும் சோதிக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் வார்டின் இரவு ஆயா அந்தோணியம்மா. ஜோகுபாளையத்தில் வீடு, அப்போது கைக்குழந்தைக்காரி. ஒரு நாள் காலை ஒரு சுருள் பாண்டேஜ் குறைந்தது என்று அவளைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். ஜட்காக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையை எடுத்து உதறச் சொன்னார்கள். வெயில் ஏறும்வரை பால் கட்டி, ரவிக்கை நனைந்து, தலையைக் குனிந்தபடி நின்றாள். பாண்டேஜ் ஓர் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. அது கிடைத்த பிறகும் அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘போ’ என்று கையை மட்டும் காட்டினார்கள்.

நம் சங்கம் பிறந்தது அதற்குப் பிறகுதான். முதலில் வென்றது ‘கைக்குக் கை’ என்ற விதி. டூட்டி முடிகிறவர் வார்டுச் சாமான் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணி, டூட்டிக்கு வருகிறவர் கையில் கொடுக்க வேண்டும். மேசையில் வைப்பது, அலமாரியில் போடுவது எதுவும் கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் கேட்டில் சோதனை இல்லை. ஸ்டோர் சார் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். விதி வந்த அன்று அந்தோணியம்மா கேட்டைத் தாண்டியது ஒரு மகாராணி ஊர்வலம். நாங்கள் உள்ளே நின்று பார்த்தோம்.

பிறகு ஜுரம் வந்தது. கட்டில்கள் போதாமல் வராந்தாவில் பாய் போட்டோம். காலையில் வாய்க்குக் கஞ்சி ஊற்றிய பெண்ணுக்குச் சாயங்காலம் முகத்தை மூட வேண்டியிருந்தது. எங்கள் மூக்குக்கும் வாய்க்கும் கவசமாக நான்கு மடிப்பு மல் துணி, இரண்டு பக்கமும் நாடா வைத்துத் தைத்து வந்தது. இங்கிலீஷில் மாஸ்க் என்றார்கள், வார்டில் வாய்க்கட்டு என்றோம். துணித் தட்டுப்பாட்டால் ஆளுக்கு ஒன்று இல்லை, வேலைக்கு ஒன்று. பகல் ஆயாவுக்கும் இரவு ஆயாவுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

அதைக் கைக்குக் கை விதியில் சேர்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டோர் சார் இல்லை. நாங்கள்தான். கூட்டம் போட்டு, கைதட்டி, ஒருமனதாக. புதுத் துணி, நல்ல துணி. எங்காவது கிடந்து காணாமல் போனால் திருட்டுப் பழி நம் தலையில் விழும் என்பதுதான் எங்கள் ஒரே பயம். ஆகவே டூட்டி மாறும்போது ஒருத்தி கழற்றுவாள், மற்றவள் அதை அப்படியே வாங்கிக் கட்டிக்கொள்வாள். துணி ஈரமாக, முந்தினவள் மூச்சின் சூட்டோடு இருக்கும். சலவைக்குப் போட்டால் திரும்பி வருமோ என்று அதையும் தள்ளிப்போட்டோம். ஒவ்வொரு தடவையும் கொதிக்கவைக்க வேண்டும் என்று நான் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டு சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர் ஸ்டோர் சாரிடம் சொன்னார். அவர், “அடுத்த துணி வரட்டும்” என்றார். அடுத்த துணி வருவதற்குள் சிஸ்டரே படுத்துவிட்டார்.

அந்தச் சாயங்காலம் பெண்கள் வார்டு முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. பகல் ஆயா முனியம்மா அடுகோடிக்காரி. அந்தோணியம்மாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். மத்தியானத்திலிருந்து இருமிக்கொண்டிருந்தாள், கேட்டால் அடுப்புப் புகை என்றாள். விளக்கு ஏற்றும் நேரத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து தெர்மாமீட்டரை வைத்தேன். பாதரசம் ஏறிய உயரத்தைப் பார்த்தபின் அதை உதறக்கூடத் தோன்றவில்லை.

“முனியக்கா, படுங்க மொதல்ல.”

“சார்ஜ் குடுத்துட்டுப் படுக்கறேன். அதோ வந்துட்டா பாரு.”

அந்தோணியம்மா கை கால் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். முனியம்மா எண்ண ஆரம்பித்தாள். பேசின், கிண்ணம், ஸ்பூன், விரிப்பு. குரல் கரகரத்தது. எல்லாம் கை மாறிய பிறகு அவள் கை பின்கழுத்து முடிச்சுக்குப் போயிற்று.

“நில்லுங்க,” என்றேன். “அந்தோணியக்கா, அத வாங்காதீங்க. முனியக்காவுக்கு ஜுரம்.”

அந்தோணியம்மா தோழியை ஏற இறங்கப் பார்த்தாள். “எப்பலேந்துடி?”

“மத்தியானம்.”

“சொல்றதுக்கு இன்னா? வாய்தான கட்டிருக்கு, நாக்கையுமா கட்டிட்டாங்க?”

“சொன்னா நீ ஓடி வந்துருவ. பிள்ளக்காரி, பகல்ல தூங்கற நேரம் அது ஒண்ணுதான்.”

அந்தோணியம்மா புறங்கையால் தோழியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். “சரி, குடு.”

“அக்கா! நாலு மடிப்பும் அவங்க சளியில நனைஞ்சிருக்கு. அத மூக்குல கட்டினா ஜுரத்தையே கட்டின மாதிரி. வீட்ல கொழந்தைய நெனச்சிப் பாருங்க.”

“டெய்சிம்மா,” என்றாள், குரலை உயர்த்தாமல். “நீங்க கேட்ல நின்னதில்ல.”

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.

“நான் வாங்கலன்னா இது யார் கணக்குல? யார் கணக்குலயும் இல்ல. அப்ப நாளைக்கு காலைல நான் மடிய உதறணும். அதுக்கு ஜுரமே தேவல. குடுடி.”

ஒன்று கவனியுங்கள். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளுக்காக நாங்கள் போட்ட விதிதான் அவளை அந்தத் துணியைக் கேட்கவைத்தது. எதிராளி தப்பு செய்தால் சண்டை போடத் தெரியும், மனு எழுதத் தெரியும். நம் வெற்றியே ஒருத்தியின் கழுத்தைப் பிடிக்கும்போது என்ன செய்வது? அதற்கு எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் போட்டு வைத்திருக்கவில்லை.

சத்தம் கேட்டு கோவிந்தசாமி அண்ணன் ஓடிவந்தார். ஆண்கள் வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர், அப்போதும் இப்போதும் நம் சங்கத் தலைவர். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனார்.

“எல்லாரும் வெளிய வாங்க! ஒருத்தரும் உள்ள போவாதீங்க. வார்டு சும்மா கெடந்தாதான் இவனுங்களுக்கு காபரா புடிக்கும், பயந்து ஓடிவருவானுங்க.”

இரவு டூட்டிக்கு வந்தவர்கள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். பகல் ஆட்கள் சிலர் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். யாரும் அசையாததால் மறுபடியும் கேட்டாள்.

“அண்ணே,” என்றேன். “அந்தத் தண்ணிய யாரு குடுக்கறது?”

அவர் என்னை முறைத்தார். பிறகு தானே உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் வேலைநிறுத்தம் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

அதற்குள் ஸ்டோர் சார் வந்துவிட்டார். ஜுர வார்டுப் படியை அவர் ஏறியதே இல்லை. கீழேயே நின்று கேட்பார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“ஏம்மா, இது உங்க விதி. நானா போட்டேன்? கைக்குக் கை வேணாம்னா பேஷ். நாளைலேந்து பழையபடி கேட்ல பாத்துக்கறேன். இது மிலிட்டரி துணி. ஒண்ணு கொறைஞ்சாலும் பதில் சொல்றது நான், நீ இல்ல.”

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் பயந்துபோயிருந்தார். அவர் பயம் துணிமேல், எங்கள் பயம் மடிமேல். ஜுரத்தைப் பார்த்து முதலில் பயப்படவேண்டிய நேரத்தில் எல்லோரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

முனியம்மாவின் விரல்கள் முடிச்சை அவிழ்த்துவிட்டன. துணி அவள் கையில். அந்தோணியம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. யோசிக்க நேரமில்லை, நான் நடுவில் போய் நின்றேன்.

“முனியக்கா, எங்கிட்ட குடுங்க. ஸ்டோர் சார், நல்லா பாருங்க. முனியம்மா கையிலேந்து என் கைக்கு, ஒண்ணு.”

வராந்தா அடுப்பில் கத்தி கத்தரிகளைக் கொதிக்கவைக்கும் பானை இருந்தது. அதற்குள் துணியைப் போட்டேன்.

“என் கையிலேந்து பானைக்கு, ஒண்ணு. இனிமே இந்தப் பானைதான் நடுவுல இருக்கற கை. கொதிச்சு எடுத்து, எண்ணி, அடுத்தவங்களுக்கு.”

“பானையா?” என்றார் ஸ்டோர் சார். “உங்க பானை கையெழுத்து போடுமோ?”

“நான் பக்கத்துல நிக்கறேன் சார்,” என்றார் கோவிந்தசாமி அண்ணன். “எனக்குக் கையெழுத்து வரும்.”

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணி கொதித்துக் காயும்வரை இரவு ஆட்கள் உள்ளே போகக்கூடாது, அதுவரை பகல் ஆட்கள்தான் வார்டைப் பார்க்க வேண்டும். விடியும் முன்னே எழுந்து வந்தவர்கள், காலில் நிற்க முடியாதவர்கள். அவர்களுக்கு உத்தரவு போட நான் யார்? கேட்டேன், அவ்வளவுதான்.

“உனக்கென்னம்மா, எங்க வீட்ல நீயா வந்து சோறு வடிப்ப?” என்று ஒருத்தி திட்டிக்கொண்டே அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

துணி அறையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து கரி போட்டோம். வெந்நீரிலிருந்து எடுத்த வாய்க்கட்டைப் பிழிந்து, ஆவி பறக்கத் தேய்த்தேன். முதலில் காய்ந்தது அந்தோணியம்மாவுக்கு. அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் கட்டவில்லை.

“நாளைக்குக் கேட்ல?”

“உங்க மேல யாரும் கை வைக்க மாட்டாங்க.”

“நெசமாவா?”

“நெசமா.”

அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். என் முகத்தையே பார்த்தாள், பிறகு கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவள் உள்ளே போனதும் ஒரு பகல் ஆள் வெளியே வந்தாள், அவளுடையது பானைக்குள் போயிற்று. இப்படி ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று கடைசி ஆள் வரை மாற்றினோம்.

முனியம்மாவை வராந்தாக் கோடியில் ஒரு கட்டிலில் கிடத்தியிருந்தோம். நான் கிளம்பும்போது முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“எனக்கும் ஒண்ணு குடு. ராத்திரி பூரா அவதான கிட்ட வரணும். நான் இருமுனா அவ மூஞ்சிலதான் படும்.”

எனக்கும் இரவு நர்சுக்கும் சேர்த்து இருந்தது ஒன்று. இரவு நர்சு ஜுரமாகப் படுத்திருந்ததால் அது என்னிடமே இருந்தது. அதைக் கொதிக்கவைத்துத் தேய்த்து முனியம்மாவுக்குக் கட்டினேன். காலையில் கணக்கில் ஒன்று குறையும் என்று தெரிந்துதான் கட்டினேன்.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டோர் சார் பானையைக் கேட்டுக்கே தூக்கிவரச் செய்திருந்தார். செங்கல் வைத்து, அடியில் தீ மூட்டி, பக்கத்தில் காவல்காரரோடு நின்றார். இரவு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வாய்க்கட்டை அவிழ்த்து, எண்ணைச் சொல்லிப் பானையில் போட்டார்கள். கடைசியாக அந்தோணியம்மா வந்தாள். அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

“இவளோடத சேத்தாலும் ஒண்ணு கொறையுது,” என்றார் ஸ்டோர் சார். காவல்காரரைத் திரும்பிப் பார்த்தார். காவல்காரருக்குச் சங்கடம். “மேலேந்து ஹுக்கும் வந்தா நான் என்னம்மா பண்றது,” என்று முணுமுணுத்தார்.

நான் ஓடினேன். “சார், அது முனியம்மா மொகத்துல இருக்கு. நான்தான் கட்டினேன்.”

“நீ சொல்லுவ, அவ எடுத்துக்கினு போவா. யார நம்பறது?”

“நம்ப வேணாம். உள்ள வந்து பாருங்க, கட்டில்லதான் படுத்திருக்காங்க.”

“ஜுர வார்டுக்குள்ளயா? மூஞ்சில ஒண்ணும் இல்லாம?”

வெளியே ஜட்காக்காரர்கள் கூடிவிட்டார்கள். சங்கத்தில் பாதிப் பேர் அங்கே இருந்தோம். அந்தோணியம்மாவின் கை முந்தானைக்குப் போகிறதா, கழுத்துக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானைக்குப் போனால் என் வாக்கும் போச்சு, சங்கமும் போச்சு. அடுத்த தடவை யாரும் பானைக்குப் போட மாட்டார்கள். ஈரத் துணியை ஈரத்தோடேயே வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அவள் கை பின்கழுத்துக்குப் போயிற்று. முடிச்சை அவிழ்த்தாள். ராத்திரி முழுவதும் கட்டியிருந்த துணி, நனைந்து துவண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இந்தாங்க சார். கட்டிக்கினு போய் பாத்துட்டு வாங்க.”

ஸ்டோர் சார் சட்டென்று பின்வாங்கினார். கேட் கம்பத்தில் முதுகு இடித்தது. கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“எனக்கு ஜுரம் இல்ல சார், இருமல்கூட இல்ல. இது வெறும் மூச்சு,” என்றாள். “நேத்து எனக்கு வர இருந்த துணி ஜுரத்தோட வந்துச்சு. அப்பவும் நான் பின்னால போவல, கையத்தான் நீட்டிக்கினு இருந்தேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் கையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அந்தோணியம்மா துணியைப் பானையில் போட்டு எண்ணைச் சொன்னாள். காவல்காரர் உத்தரவுக்குக் காத்திருக்காமல் கேட்டைத் திறந்தார்.

அந்த வாரமே ஸ்டோரில் கிழிசல் என்று ஒதுக்கிவைத்திருந்த விரிப்புகளை ஸ்டோர் சார் தாமாகவே எடுத்துக் கொடுத்தார். அவற்றில் ஆளுக்கு இரண்டு வாய்க்கட்டு, ஓரத்தில் பேரைத் தைத்து. கைக்குக் கை விதியிலிருந்து வாய்க்கட்டை நீக்க நாங்கள் மறுபடி கூட்டம் போட்டோம். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. முனியம்மா அந்தக் கூட்டத்துக்கு இல்லை. அவளை அடக்கம் செய்துவிட்டுத்தான் எல்லோரும் வந்திருந்தோம். அந்தோணியம்மாவுக்கு ஜுரம் வரவில்லை. அது கொதித்த துணியாலா, அவள் அதிர்ஷ்டத்தாலா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அவள் குழந்தை இப்போது கேட் வரை ஓடிவந்து அம்மாவைக் கூப்பிடுகிறது.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வாரம் தொண்டை அடைப்பான் என்னும் தொற்றுநோய் வந்த ஒரு பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். உங்களில் ஒருத்தி, பேர் சொல்ல மாட்டேன், அவசரத்தில் தன் வாய்க்கட்டு கிடைக்காமல் என்னிடம் ஓடிவந்து, “அக்கா, உங்களத கழட்டிக் குடுங்க, ஒரு நிமிஷம்தான்,” என்றாள். நான் கொடுக்கவில்லை. அவளைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டு, நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. கர்வம் பிடித்தவள் என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னாளாம்.

சொல்லட்டும். அவள் இருமவில்லை, அது போதும்.